இரண்டு விரல் ஒப்பந்தம்

மெர்ல் டங்கல்பார்கரின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஆட்டக்காரர்கள் களைத்துப்போனால் அவர் தலைமேல் முழங்கையை ஊன்றித்தான் மூச்சு வாங்குவார்கள். உச்சியில் முடி கொட்டியதே அதனால்தான் என்று பீலர்ஸ்பர்க்கில் ஒரு பேச்சு உண்டு. இண்டியானாவின் சோளக்காட்டு நடுவில் நாலாயிரம் பேர் வாழும் ஊர் அது. அதன் கூடைப்பந்து அரங்கத்தில் இருக்கைகள் ஆறாயிரம். ஆட்டம் என்றால் ஒன்றுகூடக் காலியிருக்காது. மீதி இரண்டாயிரம் பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டால், கல்லறைத் தோட்டம் பக்கத்தில்தானே இருக்கிறது என்பார்கள்.

அந்த ஊரின் பாப்பர்ஸ் அணிக்கு மெர்ல் பத்தொன்பது வருடமாக மேனேஜர். அதற்குமுன் தபால்காரர். எந்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்பதை வாசல் தபால்பெட்டியை வைத்தே அளந்துவிடுவார். அணியின் முதலாளி ஆர்டித் ஸ்வைகார்ட், பாப்கார்ன் ஆலைக்காரர், எழுபத்திரண்டு வயது. அந்த அம்மாள் ஒருமுறை நடுவரைத் திட்டியதில் பக்கத்து மாவட்டத்துக் கோழிகள் இரண்டு நாள் முட்டையிடவில்லை.

முதல் வருடம் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. மெர்ல் சேர்த்த ஆளை ஆர்டித் அனுப்புவார். ஆர்டித் பிடித்து வந்த ஆளை மெர்ல் அனுப்புவார். ஒரு பையன் காலையில் சேர்ந்து, ஷூ நாடாவைக் கட்டி முடிப்பதற்குள் நீக்கப்பட்டான். அதன்பிறகுதான் இரண்டு விரல் ஒப்பந்தம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, கடைத்தெரு உணவுவிடுதி. மேசைமேல் பன்னிரண்டு சோளமணிகள், ஆட்டக்காரருக்கு ஒன்று வீதம். முதலாளி விரலும் மேனேஜர் விரலும் சேர்ந்து தள்ளினால்தான் ஒரு மணி மேசையை விட்டு நகரும், அந்த ஆள் அணியை விட்டுப் போவான். ஒற்றை விரலுக்கு மதிப்பில்லை.

பழியையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நீக்கப்பட்டவனிடம் மெர்ல், "ஆர்டித் பிடிவாதம்பா, நான் என்ன செய்ய?" என்பார். ஊராரிடம் ஆர்டித், "அந்தக் குள்ளன் முடிவு" என்பார். ஆட்டக்காரர்கள் ஆர்டித்தைத் திட்டினார்கள், ஊர் மெர்லைத் திட்டியது. முழுத் திட்டும் ஒருவர் தலையில் விழாததால் இருவருக்கும் நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்த ஜனவரி செவ்வாய்க்கிழமைவரை.

நெப்ராஸ்காவில் ஓர் ஏழடிப் பையன் கிடைத்திருந்தான். வியாழன் மாலைக்குள் அவன் பெயரைப் பதிய வேண்டும். அதற்கு ஒரு சோளமணி மேசையை விட்டுப் போக வேண்டும்.

"பதினொண்ணுதான் இருக்கு" என்றார் ஆர்டித்.

"சரியா எண்ணுங்க."

"எனக்கு எண்ணத் தெரியும். சாஸரைத் தூக்கு, மெர்ல்."

சாஸருக்கு அடியில் சோளமணியாக ராஸ்கோ டில்மன் இருந்தார். பதினோரு வருட ஆட்டக்காரர், முப்பத்தேழு வயது. பனி அள்ள மண்வெட்டி தேடாத அகலக் கை. ஆனால் இடது முழங்கால் போய்விட்டது. மெர்லின் மனைவி இறந்தபின், ஆறு வருடமாக, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவருக்கு ராஸ்கோ வீட்டில்தான். அங்கே அவருக்கென்று ஒரு நாற்காலி, அதன்மேல் இண்டியானாபோலிஸ் நகரத்து டெலிபோன் புத்தகங்கள் இரண்டு. அப்போதுதான் மேசை எட்டும். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவர் நின்றுகொண்டே எதையோ தின்பவர்.

"வேற யாரையாவது சொல்லுங்க" என்றார் மெர்ல்.

"நீ சொல்லு. யாரு இவனைவிட மெதுவா ஓடறான்?"

மெர்ல் யோசித்தார். "கோச்."

"கோச்சுக்கு மணி கிடையாது."

காப்பி ஆறியது. கடைசியில் ஆர்டித்தின் விரல் வந்தது. வெகுநேரம் கழித்து மெர்லின் விரலும் வந்தது. மணி தரையில் விழுந்த சத்தம் சமையலறைவரை கேட்டதாகப் பரிமாறும் பெண் இன்றைக்கும் சொல்கிறாள்.

"வழக்கம்போல என் மேல போட்டுடு" என்றார் ஆர்டித். "ஞாயித்துக்கிழமைச் சோத்தைக் கெடுத்துக்காதே."

மெர்ல் தலையாட்டினார். வண்டியில் போகும்போது, "ஆர்டித் பிடிவாதம்பா" என்று ஒன்பது தடவை சொல்லிப் பார்த்தார். ராஸ்கோ வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்ததும் வாயில் வேறு வந்தது.

"உன்னை அணியிலேருந்து நீக்கியாச்சு, ராஸ்கோ. முடிவு என்னோடதுதான்."

ராஸ்கோ எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்த முதுகு ஜன்னலை முழுக்க மறைத்ததில் சமையலறை இருட்டிவிட்டது. அவர் மனைவி ஜெனீவா விளக்கைப் போட்டாள்.

அதற்குள் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஆர்டித், கையில் பாலாடை வைத்துச் சுட்ட இனிப்பு.

"இவன் என்ன சொல்லியிருந்தாலும் நம்பாதே. உன்னை அனுப்பினது நான்."

"பொய். நான்தான்" என்றார் மெர்ல்.

"அணி என்னோடதுடா, குள்ளா!"

"மேனேஜர் நான்!"

ராஸ்கோ திரும்பினார். கண் சிவந்திருந்தது. "இத்தனை வருஷத்துல நீங்க அனுப்பின ஒவ்வொருத்தனும் இங்க வந்து அழுதிருக்கான். எல்லாரும் உங்களைத்தான் திட்டினாங்க, மிஸ் ஆர்டித். நானும் சேர்ந்து திட்டியிருக்கேன்."

"அதான் காது எரிஞ்சுச்சா? நான் வெந்நீர் ஒத்தடம்லாம் குடுத்தேன்."

"மத்தவங்களை அனுப்பினப்போ ரெண்டு பேருமே 'நான்தான்'னு சொல்லல. என்னை மட்டும் ரெண்டு பேர் அனுப்பறீங்க. யாரைத் திட்டறது நான்?"

இருவரும் ஒரே நேரத்தில், "என்னை" என்றார்கள்.

ராஸ்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அழுகையாக மாறி, பாதியில் நின்றது. ஜெனீவா சிரிக்கவில்லை. இனிப்பை நான்காக வெட்டி மூன்று தட்டில் வைத்தாள். நான்காவது, மெர்லுக்கான துண்டு, பாத்திரத்திலேயே கிடந்தது.

"இந்த ஞாயிறு வராதே, மெர்ல்" என்றாள். "அடுத்த ஞாயிறு வா. ஒரு வாரமாவது நான் கோவமா இருந்துக்கறேன்."

சனிக்கிழமை ஆட்டத்தில் ராஸ்கோ பார்வையாளராக மெர்லுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தார். ஊரே மெர்லைப் பார்த்து ஊளையிட்டபோது அவரும் ஊளையிட்டார். மூன்றாம் கால்பகுதியில் களைத்துப்போய், பழக்கதோஷத்தில், முழங்கையை அந்த வழுக்கையில் ஊன்றினார். மெர்ல் ஆட்டம் முடியும்வரை தலையை அசைக்கவில்லை.

ஒரு ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு மெர்ல் போனார். நாற்காலி அங்கேயே இருந்தது. டெலிபோன் புத்தகங்களில் ஒன்றைக் காணோம். உட்கார்ந்தால் மேசைக்குமேல் மூக்குவரைதான் தெரிந்தது. எட்டாத கையை வறுத்த கோழியை நோக்கி நீட்டினார். ராஸ்கோ ஒரு விரலால் தட்டைத் தள்ளினார். அது பாதி தூரம்தான் வந்தது. ஜெனீவா பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், தன் விரலையும் வைத்தாள்.