தலைப்பாகைக்காரருக்கு நல்லெண்ணெய்

எண்ணெய் ஓவியம் என்றால் எண்ணெய் தேய்க்க வேண்டிய ஓவியம் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தேய்த்தும் விட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை.

கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு நூலகம் இருந்தது. ஊரில் சிலர் சேர்ந்து கமிட்டி வைத்து நடத்தினார்கள். அப்பாவின் அக்காதான் அங்கே நூலகர். அத்தை கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தாள். நூலகத்து மாடியில் இருந்த ஒற்றை அறைக்கு மியூசியம் என்று பெயர். கண்ணாடிப் பெட்டியில் பழைய காசுகள், மூலையில் துருவேறிய வாள், சுவரில் ஆறு எண்ணெய் ஓவியங்கள். மலையில் எஸ்டேட் வைத்திருந்த குடும்பம் ஒன்று வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது கொடுத்த படங்கள் அவை. நடுப்படத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி ஒரே இருட்டு.

ஒருநாள் சாப்பிடும்போது அத்தை அப்பாவிடம் சொன்னாள்.

"ஆயில் பெயின்டிங் பூராம் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு தம்பி. திங்கக்கிழமை மெட்ராஸ்ல இருந்து ஒரு அம்மா வாராக. சரிபண்ண முடியுமா முடியாதான்னு அவுகதான் சொல்லணும்."

காய்ந்து வெடித்ததற்கு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா என்னைப் பலகையில் உட்காரவைத்து உச்சி குளிர எண்ணெய் வைப்பாள். படத்தில் இருப்பவர்களுக்கு வைத்துவிட ஆளில்லை. அவ்வளவுதான் விஷயம் என்று முடிவுசெய்தேன்.

சனிக்கிழமை காலை, காலியான இருமல் மருந்து பாட்டிலில் நல்லெண்ணெய் ஊற்றிப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு அத்தையோடு போனேன். மாடியில் படம் வரையப் போகிறேன் என்றதும் அத்தை அறையைத் திறந்துவிட்டாள். "எதையும் தொடக் கூடாதுத்தா" என்று சொல்லிவிட்டுக் கீழே பேப்பர் அடுக்கப் போனாள்.

ஸ்டூலில் ஏறி நின்று தலைப்பாகைக்காரரின் நெற்றியில் ஆரம்பித்தேன். கன்னம், மீசை, காது என்று பொறுமையாகத் தேய்த்தேன். முகம் பளபளவென்று ஆனது. கண்ணில் எண்ணெய் போகாமல் பார்த்துக்கொண்டேன். மிச்ச எண்ணெயை வீணாக்குவானேன் என்று நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த இருட்டிலும் பூசினேன்.

பூசிய இடத்தில் நான்கு விரல்கள் தெரிந்தன.

சின்ன விரல்கள். நாற்காலியின் கையைப் பிடித்திருந்தன. பயந்துபோய் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். வளையல் வந்தது. அதற்கு மேலே, இருட்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளையின் முகம் என்னையே பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் பாட்டில் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை.

அத்தை ஓடிவந்தாள். சட்டத்தின் கீழ்விளிம்பிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, உள்ள ஒரு பிள்ள நிக்கிது" என்றேன்.

அவள் அப்போதும் சொட்டும் எண்ணெயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சென்னை அம்மா வந்தார். கமிட்டித் தலைவரும் கூட வந்தார். படத்தைப் பார்த்ததும் தலைவரின் முகம் சிவந்துவிட்டது.

"யாரு பாத்த வேல இது?"

"ரூமத் தெறந்து விட்டது நாந்தாங்கய்யா. எந் தப்புதான்" என்றாள் அத்தை.

அது பொய் என்று எனக்குப் பட்டது. இவ்வளவு சிரமப்பட்டுத் தேய்த்தது நான். பேர் மட்டும் அத்தைக்கா?

"நாந்தான் தேச்சேன். அவருக்கு ரொம்பக் காஞ்சு போயிருந்துச்சு" என்று முன்னால் வந்து நின்றேன்.

சென்னை அம்மா குனிந்து படத்தை முகர்ந்து பார்த்தார். "நல்லெண்ணெயா?"

"செக்குல ஆட்டுனது" என்றேன்.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று இப்போது தெரிகிறது. பிறகு டார்ச் அடித்து அந்த இருட்டையே வெகுநேரம் பார்த்தார். மேல்பூச்சு வருஷக்கணக்கில் மங்கிக் கறுத்துப் போனதால் உள்ளே இருப்பது தெரியாமல் போயிருந்ததாம். எண்ணெயின் ஈரம் பட்டதும் கொஞ்ச நேரத்துக்குத் தெரிந்திருக்கிறதாம். "ஆனா இந்த எண்ணெயை இப்படியே விட்டா தூசு ஒட்டிப் படமே கெட்டுப்போகும். முழுசா எடுத்தாகணும்" என்று தலைவரிடம் சொன்னார். ஒருநாள் பார்த்துவிட்டுப் போக வந்தவர் ஒன்பது நாள் தங்கினார். குச்சியில் பஞ்சு சுற்றி, விரற்கடை விரற்கடையாகத் துடைத்தார். மதியத்தில் என்னைக் கூப்பிட்டுப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்வார். பட்டுப்பாவாடை, ஒற்றைச் சடை, கையில் ஒரு திராட்சைக் கொத்து. என் வயதுதான் இருக்கும். எத்தனையோ வருஷமாக அங்கேயே நின்றிருக்கிறாள், ஒருத்தர் கண்ணிலும் படாமல்.

படத்துக்குக் கீழே இருந்த பெயர்ப்பலகையில் 'உடன் ஒரு சிறுமி' என்று புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். சென்னை அம்மா ஊருக்குப் போகும்போது என் கன்னத்தைத் தட்டி, "இனிமே தலைக்கு மட்டும் எண்ணெய் வை, சரியா?" என்றார். அவர் நினைத்திருந்தால் அன்றைக்கு ஒரு வார்த்தையில் படம் பாழ் என்று சொல்லியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து அத்தை வேலைக்குப் போகவில்லை. கேட்டதற்கு, "பதினஞ்சு நாள் லீவு குடுத்துருக்காக" என்றாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தை பார்த்த பார்வையில் அடுப்படிக்குள் போய்விட்டாள். படத்துக்குள் இருந்த பிள்ளையைக் கண்டுபிடித்ததற்குத்தான் இந்த லீவு என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை.

அந்தப் பதினைந்து நாளைப் போல ஒரு விடுமுறை எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. அத்தை என்னைச் சுருளி அருவிக்குக் கூட்டிப்போனாள். திராட்சைத் தோட்டத்துப் பந்தலடியில் உட்கார்ந்து நாக்கு புளிக்கப் புளிக்கத் தின்றோம். மார்க்கையன்கோட்டைச் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் இருந்தோம். வாய்க்காலில் எனக்கு நீச்சல் பழக்கினாள். சில சமயம் பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நிறுத்திவிட்டு மலையைப் பார்ப்பாள். நான் தண்ணீரை வாரி அடித்தால் மறுபடி சிரிப்பாள்.

அது லீவு அல்ல, சஸ்பெண்ட் என்பது எனக்குக் கல்லூரி நாட்களில்தான் தெரிந்தது. பீரோவில் என் சான்றிதழைத் தேடும்போது கமிட்டி அத்தைக்கு அனுப்பிய காகிதம் கையில் கிடைத்தது. பணியில் கவனக்குறைவு என்று இருந்தது. பதினைந்து நாள் கழித்துக் கமிட்டி கூடித்தான் அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் என்றும் இருந்தது. கூடவே அத்தை எழுதிக்கொடுத்த விளக்கத்தின் நகல். 'அறையைத் திறந்துவைத்தவள் நான். குழந்தை நல்லது என்று நினைத்துச் செய்தது. அதை யாரும் விசாரிக்க வேண்டாம்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அந்த வேலையை விட்டால் அவளுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட அதை என்னிடம் சொன்னதில்லை.

அந்தக் கோடையில், பதினாறாம் நாள் காலையில் நான் கண்விழித்தபோது அத்தை குளித்து, காட்டன் சேலை கட்டி, தலையில் பூ வைத்து நின்றாள்.

"இன்னிக்கு எங்கன போறோம் அத்தை?"

"லீவு முடிஞ்சு போச்சுத்தா. வரச் சொல்லிட்டாக" என்றாள். என்னைத் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகையாக வந்தது. லீவு முடிந்ததற்குப் போய் யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா என்று அன்று முழுக்க அத்தையோடு பேசாமல் இருந்தேன்.