வக்கார் பாய் தேடிய கன்ட்ரோலர்

"வெயிட் எவ்ளோ இருக்கும்?"

பெங்களூர்க் கடைக்காரரிடம் போனில் வக்கார் அகமது கேட்கும் முதல் கேள்வி இதுதான். பொம்மை ரயில் ஓட்டும் கன்ட்ரோலரை எடை கேட்டு வாங்குகிற ஆள் ஆம்பூரில் வேறு யாரும் இருக்க முடியாது. ரிமோட் உண்டு, செல்போனிலேயே ஓட்டலாம் என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போவார். இவர் மசிவதில்லை. "அதெல்லாம் வாணாம் சார். திருகுறதுக்கு ஒரு நாப் இருந்தா போதும். உள்ள டிரான்ஸ்பார்மர் கனமா இருக்கணும். பழைய எஞ்சின், கரண்ட் ஜாஸ்தி இழுக்கும்."

ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் டெஸ்டர் வைத்திருப்பார். கல்யாண வீட்டிலும் காது ஜெனரேட்டர் பக்கமே இருக்கும். "பேரிங் போய்ட்ச்சி" என்று பந்தி நடுவில் தீர்ப்புச் சொல்வார். மனைவி அக்தர் பானு அவரைத் தெரியாதவர்போல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்த மனிதருக்கு ரயில் பைத்தியம் பிடிக்க வைத்தது அதே கம்பெனியில் டிசைன் பிரிவிலிருந்த பரணிதரன். ஜெர்மனிக் கண்காட்சிக்குப் போன இடத்தில், பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பச்சை எஞ்சினும் ஒரு சிவப்பு எஞ்சினும் வாங்கி வந்தார். வக்கார் வீட்டு மாடியில் தண்டவாளம் போட்டார்கள். போன வருஷம் மாரடைப்பில் பரணிதரன் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி சோபனா, வீட்டிலிருந்த எஞ்சின்களைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும் பாய். எப்பனா வந்து பாக்குறேன்."

இருவரும் சேர்ந்து ஓட்டிவந்த பழைய கன்ட்ரோலர் பழுதாகிக் கிடந்தது. தோஸ்த்தின் எஞ்சினுக்கு உசத்தியாகச் செய்ய நினைத்து டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கினார் வக்கார். கெட்டது அங்கேதான். தண்டவாளத்தில் வைத்த பச்சை எஞ்சின் நகராமல் முனகியது. கம்பெனியில் ஷிப்ட் தொடங்கும் முன் மிஷின்களைப் போட்டுச் சூடேற விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது வழக்கம். அதே பழக்கத்தில், "கொஞ்சம் சூடாவட்டும்" என்று சொல்லி, அப்படியே விட்டுவிட்டு ஜும்மாவுக்குப் போனார். டிஜிட்டல் கன்ட்ரோலர் தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்சாரத்தை வைத்திருக்கும். வேண்டியபோது மட்டும் எடுத்துக்கொள்ளப் புது எஞ்சினுக்குத் தெரியும். பழசுக்குத் தெரியாது, நின்ற இடத்திலேயே வேகும். தொழுகை முடிந்து படியேறும்போதே கருகல் வாடை வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

இப்போது சிவப்புக்காக, எடை கேட்டு வாங்கிய கனமான கறுப்புக் கன்ட்ரோலர் ஒன்று வந்து சேர்ந்துவிட்டது. குமிழைத் திருகினால் சிவப்பு அடக்கமாகக் கிளம்புகிறது. இதை முதலிலேயே வாங்கியிருக்கலாம் என்ற நினைப்பில் அவரால் அதைச் சந்தோஷமாகப் பார்க்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சோபனா வந்தார். சிவப்பு ஒரு சுற்று முடிப்பதற்குள் கேட்டுவிட்டார். "பச்சை எங்க பாய்? அவரு அதத்தான மொதல்ல ஓட்டுவாரு?"

"எரிச்சிட்டேம்மா" என்றார் வக்கார். "அதுக்கு ஆவாத கன்ட்ரோலரப் போட்டு நான்தான் எரிச்சிட்டேன். ரிப்பேருக்குக் குட்த்துருக்கேன்னு சொல்லலாம்னு பாத்தேன். உன்கிட்ட வாய் வரல."

அலமாரியிலிருந்து பச்சையை எடுத்துக் கொடுத்தார். சோபனா அதை மடியில் வைத்துக்கொண்டு கருகிய பக்கத்தை முந்தானையால் துடைத்தார். பிறகு, "செவப்பு இத இழுக்குமா?" என்றார்.

கருகிய மோட்டாரை வக்கார் முன்பே கழற்றி எடுத்திருந்தார், சக்கரங்கள் தடையில்லாமல் உருளும். சிவப்புக்குப் பின்னால் பச்சையைக் கொக்கியில் மாட்டி, குமிழைத் திருகினார். இரண்டும் நகர்ந்தன. வளைவில் பாரம் தாங்காமல் சிவப்பு திணறியது. இன்னும் கொஞ்சம் திருகினால் தாண்டிவிடும், ஆனால் சிவப்பும் சூடேறும். குமிழ்வரை போன கை அங்கேயே நின்றது. வக்கார் தரையில் மண்டியிட்டு, பச்சை எஞ்சினின் முதுகில் ஒற்றை விரலை வைத்து, சுற்று முடியும்வரை தள்ளிக்கொண்டே போனார்.