நன்றிப் பாட்டு

ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தபோது, மகளின் பிறந்தநாளுக்காக பாகலூர் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு பிரியாணி கொண்டுபோனோம். புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்த நேரம்.

அங்கே வார்டனாக இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, இடுப்பில் இழுத்துச் சொருகிய சேலை. தமிழோ கன்னடமோ தெலுங்கோ, எந்த மொழி பேசும் பிள்ளையையும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

நிர்வாகி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, எங்களைப் பார்த்து நன்றிப் பாட்டுப் பாடச் சொன்னார். நான் கேமராவைத் தூக்கினேன். வார்டன் குறுக்கே வந்து நின்றார்.

"பாட வேணாம். உக்காந்து சாப்புடுங்க."

"ஏம்மா, எப்பவும் நடக்கறதுதானே?" என்றார் நிர்வாகி.

"தெரியும் சார். இதே வரிசையில நின்னு பன்னெண்டு வருசம் பாடுனவ நான். பசியில பாட்டு மறந்துபோவும். மறந்தா அடி வுழும்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க பொண்ணு சோறு திங்கறதுக்கு முன்னாடி உங்களுக்குப் பாட்டுப் பாடுதா சார்?"

நான் கேமராவைக் கீழே இறக்கினேன். "நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!" என்று நிர்வாகி எல்லார் முன்னாலும் கத்தினார். அந்தப் பெண் கடைசிப் பிள்ளைவரை பரிமாறி முடித்தார்.

அடுத்த மாதம் விசாரித்தேன். வார்டன் வேறு ஆள். அன்று அவருக்காக ஒரு வார்த்தை பேச நான் வாயைத் திறக்கவில்லை. நிர்வாகியைவிட என்மேல்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.