ஒரு தாளும் மடங்கக் கூடாது

சீதாலெட்சுமிக்கு யாரும் மாலை போட்டதில்லை, மேடையில் ஏற்றி உட்கார வைத்ததும் இல்லை. முப்பத்து மூன்று வருடம் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிவிட்டு, அதே இரண்டாம் வகுப்பிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனவள். தினமும் விடிவதற்குள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து ஒரு பஸ், கிள்ளானில் இறங்கிக் காப்பார் சாலைக்கு இன்னொரு பஸ், அதற்கப்புறம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே கால் மணி நேர நடை. மழை நாளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள். அவளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டாம். ஒரு டிசம்பரும் அதை அடுத்த ஜனவரியும் போதும். அதில் அவள் செய்த தப்பும் வரும். தப்பை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் அச்சடிப்பது கல்யாணப் பத்திரிகைக்குத்தான் சரி.

அவள் வேலை பார்த்த அந்தச் செம்பனைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நூலகம் என்று ஒன்று இல்லை. பெரிய வாத்தியார் இராமலிங்கத்தின் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி இருந்தது. அதற்குள் நூறு கதைப் புத்தகங்களாவது இருக்கும். பத்து வருடமாகச் சைக்கிளை மிதித்துக் கிள்ளான் கடைத்தெருவெல்லாம் அலைந்து, கடைக்காரர்களிடமும் சங்கத்துக்காரர்களிடமும் பல்லைக் காட்டி அவர் சேர்த்தவை. ஒவ்வொன்றுக்கும் தானே உட்கார்ந்து பழுப்புத் தாளில் அட்டை போட்டார். சாவி அவர் சட்டைப் பையை விட்டு வெளியே வராது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பார்கள். அவர்கள் போன பிறகு மூக்குப் பட்ட இடத்தைத் துணியால் துடைப்பார். மனுஷர் கெட்டவர் இல்லை. கொடுத்தால் கிழித்துவிடுவார்கள் என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

எழுபத்தெட்டாம் வருடக் கிறிஸ்துமஸ் அன்று, பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா அழைத்தாள் என்று சீதாலெட்சுமி சாப்பிடப் போயிருந்தாள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒன்பது வயது. மாதா கோயிலில் யாரோ கொடுத்த பரிசுப் பொட்டலத்துக்குள் ஒரு கதைப் புத்தகம் இருந்திருக்கிறது. வாசல் படியில் உட்கார்ந்த பெண் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே ஆட்டுக்கறி ஆறுகிறது, அம்மா கத்துகிறாள், இவள் காதில் விழுந்தால்தானே! "இரும்மா, இன்னும் ரெண்டு பக்கம்தான்" என்றாள் கடைசியில், தலையை நிமிர்த்தாமலே.

கையில் தட்டோடு நின்ற சீதாலெட்சுமிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. நவம்பரில் பள்ளிக்கூடம் மூடினால் ஜனவரியில்தான் திறக்கும். அத்தனை நாளும் தன் பிள்ளைகள் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டும், மரத்தடியில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டும் திரிவார்கள். ஒரு பிள்ளையாவது ஒரு நாளாவது சாப்பாட்டை மறந்து படித்திருக்குமா? அந்த அலமாரிப் புத்தகம் கிறிஸ்துமஸ் லீவில் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அடுத்த ஒரு வருடம் பெரிய வாத்தியாரை அவள் அரித்த அரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. காலையில் பார்த்தால் அலமாரி, பசியாறும்போது அலமாரி, கூட்டத்தில் வேறு எதையோ பேசினாலும் கடைசியில் அலமாரி. மனுஷருக்கு அலுத்துப்போனது.

"சரி டீச்சர், இந்த ஒரு தடவை குடுத்துப் பார்ப்போம்" என்றார். "ஆனா ஒண்ணு. ஒரு தாள் கிழிஞ்சு வந்தாலும் அதோட சரி. அப்புறம் சாவியப் பத்தி நீங்க வாயே திறக்கக் கூடாது."

"ஒரு தாளும் மடங்காது சார். நான் பொறுப்பு" என்றாள் சீதாலெட்சுமி.

எழுபத்தொன்பதாம் வருடம், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு அவள் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். முந்தைய நாள் பகல் முழுவதும் சீதாலெட்சுமி தரையில் உட்கார்ந்து முப்பத்தெட்டுப் புத்தகங்களைப் பொட்டலம் கட்டினாள். சிவப்புத் தாளில் வெள்ளி நட்சத்திரம் அச்சடித்தது, கடையில் தேடிப் பிடித்து வாங்கியது. பிலோமினா அக்கா வீட்டுப் பெண்ணைப் போலத் தன் பிள்ளைகளும் பிரித்துப் பார்த்து மலர வேண்டும் என்ற ஆசை. முதுகு விண்விண் என்று தெறித்தது. ஒரு புத்தகத்தையாவது திறந்து பார்க்க நேரம் எங்கே இருந்தது?

பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்திருந்தார்கள். சில அம்மாக்களும் கூடவே வந்து கதவோரம் நின்றார்கள். பெரிய வாத்தியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க, சீதாலெட்சுமி பொட்டலங்களைக் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க அவளுக்கும் அவருடைய பயம் தொற்றிக்கொண்டது. குரலை உயர்த்தினாள்.

"எல்லாரும் இங்க பாருங்க. இது பெரிய வாத்தியார் ஊரெல்லாம் அலைஞ்சு சேர்த்தது. சரஸ்வதி மாதிரி. ஒரு தாளும் மடங்கக் கூடாது. கறை படக் கூடாது. யாராவது ஒருத்தர் கிழிச்சாலும் இனிமே யாருக்குமே கிடையாது. ஸ்கூல் திறந்ததும் பத்திரமா கொண்டு வந்து குடுத்துடணும். அம்மாமாரே, நீங்களும் கேட்டுக்குங்க."

மூன்று தடவை சொன்னாள். படியுங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஐயோ, புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு அதை வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்துவிட்டாள்! அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு இருந்த சந்தோஷம் தீபாவளிக்குக்கூட இருந்ததில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் மணி அடிப்பதற்குள் பெரிய வாத்தியாரின் மேசையில் முப்பத்தேழு பொட்டலங்கள் வந்து சேர்ந்துவிட்டன. சந்திரகலா என்ற பெண் மட்டும் வரவில்லை. பெரிய வாத்தியாருக்கு முகமெல்லாம் பல். படித்துவிட்டுப் பழையபடி கட்டித் தந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"டீச்சர், நான் தோத்துட்டேன் போங்க! ஒரு கீறல் இல்லயே. இனிமே வருஷா வருஷம் குடுக்கலாம் லா."

பொட்டலங்கள்! சீதாலெட்சுமிக்கு அந்தச் சொல்தான் முதலில் உறைத்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். நட்சத்திரத் தாள் அப்படியே இருந்தது. அவள் ஒட்டிய டேப் ஒட்டியபடி இருந்தது. தாளின் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம். இரண்டாவதில் ஊதுபத்தி வாசம் வீசியது. மூன்றாவதில் காய்ந்த மல்லிகை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நாலாவதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.

மூன்றாம் வகுப்புக்கு ஏறிவிட்ட அந்தப் பிள்ளைகளிடம் போய், "யாரெல்லாம் படிச்சீங்க?" என்று கேட்டாள். ஒரு கையும் எழவில்லை.

"சாமி மேடையில வச்சிட்டோம் டீச்சர்" என்றான் முன்வரிசைப் பையன், பெருமையாக. "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அம்மா பூ வச்சாங்க."

"எங்க வீட்ல பெட்டியில வச்சுப் பூட்டிட்டாங்க டீச்சர். தொட்டா நீங்க அடிப்பீங்களாம்."

அவள் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. ஆனால் தப்பு யாருடையது? சரஸ்வதி என்று சொன்னவள் அவள். மடங்கக் கூடாது என்று சொன்னவள் அவள். அந்தத் தாய்மார் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகள், புத்தகம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள். டீச்சரே சாமி என்று சொல்லிக் கொடுத்த பிறகு யார்தான் பிரிப்பார்கள்?

இதைப் பெரிய வாத்தியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால், படிக்காத பிள்ளைகளுக்குப் புத்தகம் எதற்கு என்று அலமாரியைப் பூட்டிவிடுவார். சொல்லாமல் இருந்தால் அடுத்த டிசம்பரும் சாவி கிடைக்கும், அப்போது சரியாகச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம். இப்படி இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. சந்திரகலாவின் அப்பா தம்புசாமி, செம்பனைக் குலை வெட்டுகிறவர், வேலை உடுப்போடு வந்திருந்தார். ஒரு கையில் மகள், இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. பெரிய வாத்தியார் மேசையில் பையைக் கவிழ்த்தார்.

விழுந்ததைப் புத்தகம் என்று சொல்லத் தைரியம் வேண்டும். அட்டை இல்லை. ஓரமெல்லாம் மஞ்சள் கைத்தடம். நடுவில் ஒரு பருக்கை சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு மூலையைச் சின்னப் பல் கடித்திருந்தது. பின்பக்கத்தில் நூல் தொங்கியது.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் தம்புசாமி. "நாலு போட்டுட்டேன் சார். பயந்துகிட்டு ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வராம ஒளிஞ்சுகிட்டா."

பாவாடைக்குக் கீழே அந்தப் பிள்ளையின் காலில் ரோத்தான் பிரம்பின் தடம் சிவந்து கிடந்தது.

பெரிய வாத்தியார் அந்தக் கந்தலை விரல் நுனியால் புரட்டிப் பார்த்தார். "போகட்டும். முப்பத்தேழு பேர் கண்ணு மாதிரி வச்சிருந்தாங்க. ஒருத்திக்காக எல்லாரையும் தண்டிக்க மாட்டேன். வருஷா வருஷம் குடுக்கலாம் டீச்சர். இந்தப் பிள்ளைக்கு மட்டும் இனிமே குடுக்க வேணாம்."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும், ஒவ்வொரு டிசம்பரும் அலமாரி திறக்கும். சீதாலெட்சுமி குனிந்து, "நீ இதைப் படிச்சியாம்மா?" என்று கேட்டாள்.

பிள்ளை அழுதுகொண்டே தலையாட்டினாள். "எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன் டீச்சர். ஒரு ஆட்டுக்குட்டி தெரியாம ரயில் ஏறிப் போயிடும். டிக்கெட் பாக்கிறவர் அதைப் பிடிச்சு பெஞ்சில உட்கார வைப்பாரு. அம்மா சமைக்கிறப்பயும் படிக்கச் சொன்னாங்க. அப்பா சாப்பிடுறப்ப, அந்த டிக்கெட் எடத்தை மறுபடியும் படின்னு…"

தம்புசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"சார்" என்றாள் சீதாலெட்சுமி. "அந்த முப்பத்தேழையும் ஒருத்தரும் பிரிக்கவே இல்ல. சந்தனம் வச்சு சாமி கும்பிட்டிருக்காங்க. நான் பயமுறுத்தினதுதான் காரணம். முதல் நாளே எனக்குத் தெரியும், உங்ககிட்ட மறைச்சுட்டேன். படிச்சது இந்தப் பிள்ள ஒருத்திதான். இவளுக்குக் கிடையாதுன்னா, எனக்கு அந்தச் சாவி வேணாம் சார்."

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. எழுந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார்.

"பத்து வருஷம் டீச்சர்" என்றார். "கடை கடையா நின்னு, கேட்கக் கூடாததெல்லாம் கேட்டுச் சேர்த்தேன். படிக்கவும் மாட்டாங்க, படிச்சா இப்படிக் கிழிப்பாங்கன்னா எதுக்கு இது? அலமாரியிலயே இருக்கட்டும். இந்தப் பேச்சை இதோட விடுங்க." பொட்டலங்களை அள்ளி உள்ளே வைத்துப் பூட்டினார். சாவி பைக்குள் போனது.

சீதாலெட்சுமி சந்திரகலா முன்னால் மண்டி போட்டு, அந்தத் தடத்துக்கு மேலே பாவாடையைச் சரிசெய்துவிட்டாள். "நான் சொன்ன சொல்லுக்கு நீ அடி வாங்கிட்ட கண்ணு" என்றாள். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

தம்புசாமி மகளின் கையைப் பிடித்து வாசல் வரை போனார். போனவர் நின்றார். தலையைச் சொறிந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. படிச்சு முடிக்கிறதுக்குள்ள கடைசித் தாளை எங்க சின்னவன் பிச்சு வாயில போட்டுட்டான். ரெண்டு வாரமா வீட்ல இதே சண்டை. வந்துருச்சுன்னு எங்க வீட்டுக்காரம்மா சொல்லுது, நான் இல்லேங்கிறேன். அந்த ஆட்டுக்குட்டி வீட்டுக்குத் திரும்பி வந்துச்சா சார், இல்லியா?"

இராமலிங்கம் வாயைத் திறந்தார். கண்ணாடிக் கதவுக்குள் வரிசையாக நிற்கும் புத்தகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தன் கையால் அட்டை போட்டவர், வெட்டி மடித்து ஒட்டியவர்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றார். "நான் படிச்சதில்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்து, சீதாலெட்சுமி பக்கம் நகர்த்தினார். "இன்னைக்கே திறங்க டீச்சர். கிறிஸ்துமஸ் வரட்டும்னு காத்திருக்காதீங்க. கிழிஞ்சா கிழியட்டும்" என்றார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சீதாலெட்சுமி சாவியை எடுத்தாள். ஒரு வருடம் கேட்டுக் கேட்டு அலுத்த சாவி. சந்திரகலா அப்பாவின் கையை விட்டுவிட்டு அவளிடம் ஓடி வந்தாள். அடி வாங்கியதெல்லாம் மறந்துபோயிருந்தது.

"நீங்க சொல்லுங்க டீச்சர். வந்துச்சா?"

"தெரியலம்மா."

"நீங்கதானே எனக்குக் குடுத்தீங்க?"

"ஆமா. நான்தான் பொட்டலம் கட்டினேன்" என்றாள் சீதாலெட்சுமி. "நானும் படிக்கல."

பிள்ளை நம்பாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.