இரண்டு மிடறு தண்ணீரில் சியா

வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். அதில் கிருஷ்ணராசாவும் பிறேமினியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஒரே ஒரு மணி நேரம்: ஞாயிறு பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை, லண்டன் மோர்டனில் உள்ள தங்கள் ஃபிளாட்டின் சமையலறை மேசையில்.

கிருஷ்ணராசாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடமாக லண்டனில் பஸ் ஓட்டுகிறார். பிற்பகல் இரண்டரைக்குப் புறப்பட்டால், திரும்பி வரும்போது மனைவி உறங்கியிருப்பார். பிறேமினிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறுக்குப் போய் நாலுக்கு வருவார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் துண்டுக் காகிதங்களில்தான் குடும்பம் நடக்கிறது. கறி கீழ்த்தட்டில். பொய்லர் திருத்த ஆள் செவ்வாய் வரும். மழையாம், ஜக்கெட் எடுங்கோ.

வாரம் முழுவதும் கிருஷ்ணராசா ஞாயிறுக்குக் கதை சேர்ப்பார். தன் நாய்க்கும் ஓர் இருக்கை வேண்டுமென்று சண்டை பிடித்த கிழவர், பஸ்ஸின் மேல்தட்டில் கல்யாணப் புடவையோடு தனியாக இருந்த பெண். பிறேமினி சோற்றைக் குழைத்தபடி கேட்பார். சிரிப்பு வந்தால் இடக்கையால் வாயை மூடுவார். அந்தக் கை எழுவதைப் பார்க்கத்தான் அவர் மற்ற நாட்களை ஓட்டுகிறார்.

போன ஓகஸ்டில் அந்த ஒரு மணி நேரம் கெட்டது. கிருஷ்ணராசாவின் வயிறு கல்லாக இறுகியது. நாலைந்து நாளுக்கு ஒருமுறைகூட மலம் சரியாகப் போகவில்லை. குத்தரிசிச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் பாதியில் நின்றன. பிறேமினி அடுத்த வாரம் குறைவாகச் சமைத்தார். அது கிருஷ்ணராசாவுக்கு வயிற்றுவலியைவிடக் கூட நொந்தது. புதன்கிழமை கதவில் ஒரு காகிதம்: வெளியில சாப்பிடுறீங்களோ? இப்படியொரு சங்கதியைத் துண்டுக் காகிதத்தில் எழுத வெட்கப்பட்டு, அவர் பதில் ஒட்டவில்லை.

டிப்போவில் ஒரு நண்பர் சியா விதை நார்ச்சத்துத் தூள் பற்றிச் சொன்னார். மருந்துக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, தினமும் ஷிப்டுக்கு முன் ஒரு கரண்டி குவித்து எடுத்து, இரண்டு மிடறு தண்ணீரில் குழைத்து விழுங்கினார். ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் என்று பாக்கெட்டில் எழுதியிருந்தது. ஆனால் அவருடைய வழித்தடம் ஒன்றரை மணி நேரம். மறுமுனையில் கழிப்பறை இல்லை. மதியத்துக்குப் பிறகு தண்ணீர் தொடாத ஓட்டுநர்களில் அவரும் ஒருவர். அதை ஒரு திறமையாகவே நினைத்திருந்தார்.

பத்து நாளில் நிலைமை மோசமானது. அந்த ஞாயிறு, தட்டை அவர் தள்ளி வைத்தபோது, பிறேமினி ஜன்னலோரம் இருந்த பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, உந்தத் தூளை எவ்வளவு தண்ணியில கரைக்கிறனீங்கள்?"

"ரெண்டு மிடறு."

"அது உங்கட வயித்துக்குள்ள இருக்கிற தண்ணியையும் எல்லோ உறிஞ்சிப்போடும். எங்கட ஹோமில தொண்ணூற்றிமூண்டு வயசு மனிசி உங்களைவிட நல்லாக் குடிக்கிறா."

"அவவுக்குப் பஸ் ஓட வேண்டியதில்லைத்தானே. குடிச்சிட்டு நான் எங்க போறது, சொல்லும்?"

பிறேமினி சிரிக்கவில்லை. இல்லத்தில் ஒவ்வொருவரும் குடிக்கும் அளவைப் பதிவுசெய்வது அவர் வேலை.

"நான் நாள் முழுக்க ஆர் எத்தினை கப் குடிச்சது எண்டு எழுதிறன்," என்றார். "என்ர மனிசன் குடிக்கேல்லை எண்டது எனக்குத் தெரியாது."

கிருஷ்ணராசா தட்டைத் திரும்ப இழுத்து, ஒரு வாய் சாப்பிட முயன்றார். முடியவில்லை.

மறுநாள் டொக்டரும் பிறேமினி சொன்னதையே சொன்னார். தூளை நிறுத்தி, மருந்து எடுத்து, வயிறு சரியான பிறகு சிறு கரண்டியில், ஊறவைத்து, நிறையத் தண்ணீரோடு தொடங்கலாம். தண்ணீர் குடிக்காமல் எதுவும் வேலை செய்யாது.

கிருஷ்ணராசா டிப்போவில் வழித்தடம் மாற்றிக் கேட்டார். இரண்டு முனையிலும் கழிப்பறை உள்ள ஒன்று கிடைத்தது. அதில் ஞாயிறு காலையிலிருந்தே வேலை, விடுமுறை வியாழன். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இப்போது ஒரு கிளாஸில் ஊறிய சியாவையும் அதன் மேல் முழுக் கிளாஸ் தண்ணீரையும் குடித்துவிட்டுப் புறப்படுகிறார். வயிறு நன்றாக இருக்கிறது. நல்ல பசியோடு, வியாழக்கிழமைகளில் தனியாகச் சாப்பிடுகிறார்.

பிறேமினியும் வியாழன் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு முன்னால் நாலு பேர். பெப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து கிடைக்கும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார்.