உப்புப் பிளேன்டீயும் ஒரு சுனாமியும்

போன வெள்ளிக்கிழமை உச்சமுனைத் தீவில் குடித்த பிளேன்டீயை என் நாக்கு இன்னும் மன்னிக்கவில்லை.

தீவில் என் மச்சான் நிஸார் புதுக் கிணறு வெட்டியிருந்தார். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் — பள்ளிவாசல் ஹஸரத்தைக் கூப்பிட்டு துஆ ஓதி, முதல் தண்ணீரில் பால் விடாத பிளேன்டீ போட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பது. அதுவரை யாரும் ருசி பார்ப்பதில்லை. அங்கேதான் பிழை நடந்தது!

ஆமீன் சொன்னோம். ஹஸரத் ஒரு மிடறு குடித்தார்... அப்படியே என்னைப் பார்த்தார். நானும் குடித்தேன். சீனியை மிஞ்சிய உப்பு!

மச்சானின் முகம் செத்துப்போனது. அங்கே குடிதண்ணீர் படகில் கேனில்தான் வருகிறது. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. இந்தக் கிணற்றைத்தான் மனுஷன் நம்பியிருந்தார்.

“பழைய கிணத்துல தண்ணி கொஞ்சம்தானே. அதான் நல்லா ஆழமாத் தோண்டினன்.”

“அதுதான் வாப்பா பிழை,” என்றாள் அவர் மகள் ஸஹ்லா. நிலத்தின் அடியைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படிப்பவள். “மழத் தண்ணி மேலால மிதக்குது. அடியில உப்புத் தண்ணி. அடிய மண் போட்டு மூடிட்டு, மேல் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா அள்ளணும்.”

“கொஞ்சமாவா? மண்ணுக்குள்ள என்ன ஈக்கிண்டு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

அப்போதுதான் அந்தக் குண்டைப் போட்டாள். சுனாமி வரும்போது கடலில் கரண்ட் உண்டாகிறதாம்! உப்புத் தண்ணீர் பூமியின் காந்தப் புலத்துக்குள் ஓடுவதால் வருவது. ஆளை அடிக்கிற அளவில்லை, மிக மெல்லியது. வேறு தீவுகளில் வைத்த கருவிகள் அதைப் பிடிக்கும். அடியில் இருப்பதைப் பொறுத்து அது மாறும். அதை வைத்தே அந்தத் தீவுகளின் அடியைக் கணிக்கிறார்களாம்.

எனக்குத் தலை சுற்றியது. ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போன அலையா? அதுவா ஸ்கேன் எடுக்கிறது? பேரைக் கேட்டாலே நெஞ்சு பதறுகிறது... அதற்குள்ளும் ஒரு படிப்பா?

மச்சானுக்கோ கண் மின்னியது. “அப்ப அந்த மெஷினக் கொண்டு வா மகள். நல்ல தண்ணி எங்க ஈக்கிண்டு பாப்பம்.”

“அது கிணத்துக்குச் சரிவராது வாப்பா, நல்லாக் கீழதான் பாக்கும். மெஷின் மட்டும் போதாது. சுனாமியும் வரணும்.”

எல்லோர் கண்ணும் கடல் பக்கம் போனது. ஹஸரத்தின் கைகள் தாமாகவே துஆவுக்கு உயர்ந்தன.

“ஹஸரத், கிணத்தப் பத்தி அல்லாஹ்கிட்ட இனி ஒண்டும் கேக்காதீங்க!” என்று பதறினார் மச்சான். ஆறிக் கிடந்த பிளேன்டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். “மகள், மண்வெட்டிய எடு. அடிய மூடுவம். கொஞ்சத் தண்ணியே எங்களுக்குப் போதும்!”

அடியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் ஒரு கோப்பை பிளேன்டீயே சொல்லிவிட்டதே!