தலைவிக்குச் சித்தம் சரியில்லை

முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊராட்சி. தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது, வீட்டு ஆண்கள் முருகலட்சுமியை நிறுத்தினார்கள். ஜெயித்தாள். அவர்கள் நினைத்ததுபோல் பொம்மையாக இருக்கவில்லை. கண்மாய் மண்ணை அள்ள வந்த லாரியைத் தானே போய் மறித்துத் திருப்பியனுப்பினாள். கணவன் நாகநாதன் அவள் பக்கம் நின்றதால், லாரிக்காரர்களோடு பேரம் பேசி வைத்திருந்த அவளுடைய அய்யா ராமசுப்பிரமணியன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

நாகநாதன் மதுரை ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். ஆம்புலன்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவள் பிணத்தோடு பேசிக்கொண்டே வந்தாள். வாசலில் இறக்கவும் விடவில்லை. அழுது ஓயட்டும் என்று ஊர் பொறுத்திருக்கும். அய்யாதான் முதலில் சொன்னார்:

"எம் மகளுக்குச் சித்தம் கலங்கிருச்சுப்பா."

காரியம் முடிந்ததும், கடல்காற்றுப் பட்டால் சரியாகும் என்று அக்காள்மடத்தில் தன் தங்கை வீட்டுக்கு அவளைக் கொண்டுபோனார். பின்கட்டில் ஓர் அறை, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். சாப்பாட்டோடு ஒரு மாத்திரை. விழுங்கினால் நாக்கு தடித்துவிடும். ஊரில் அவள் மகன் மாரிச்செல்வம், தாத்தா காட்டிய இடத்திலெல்லாம் அம்மா பெயரில் கையெழுத்துப் போட்டான். லாரிகள் கண்மாய்க்குள் இறங்கின.

மகன் ஒரே ஒருமுறை பார்க்க வந்தான்.

"ஏலே செல்வம், கதவத் தெறந்து விடுடா."

"கொஞ்ச நாள் இரும்மா. தாத்தா எல்லாம் பாத்துக்கிறாரு." அவள் முகத்தைப் பார்க்காமல் புது பைக்கின் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

அதுவரை அவள் அய்யாவை மட்டும்தான் வெறுத்திருந்தாள்.

மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கித் துப்பப் பழகினாள். புத்தி தெளிந்தது. தெளிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் கருவாடு காயப்போடும் ஹாஃபிஸா மட்டும் ஜன்னல் வழியே கண்டுகொண்டாள்.

"அக்கா, ஒங்களப் பாத்தா அப்படித் தெரியலையே?"

"இல்லத்தா. யாருட்டயும் சொல்லிராத. காந்தி ஜெயந்திக்கு எங்க ஊர்ல கிராம சபை. அன்னைக்கு நான் அங்கன இருக்கணும்."

அன்று காலை அத்தை கோயிலுக்குப் போன நேரம் ஹாஃபிஸா தாழ்ப்பாளை நீக்கி, அவளை பஸ் ஏற்றிவிட்டாள்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில். நடு நாற்காலியில் அய்யா; பக்கத்தில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி. முருகலட்சுமி உள்ளே நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நேராகப் போய் அய்யாவின் காதோரம் குனிந்தாள்.

"அய்யா, கிறுக்கின்னு சொன்னா பதவி நம்ம வீட்ட விட்டுப் போயிரும். எப்பவும் நல்லாத்தான் இருந்தான்னு ஒத்த வார்த்தை சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

சின்னப் பிள்ளையில் மிட்டாய் கேட்ட குரல் அது. அவர் நம்பிவிட்டார். எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எம் மக நல்லாத்தான் இருக்கா. எப்பவுமே நல்லாத்தான் இருந்தா. ஊருல சும்மா பேசுவாக."

முருகலட்சுமி மைக்கை வாங்கினாள்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா? ஆபீசர் சார், நீங்களும்? நான் நல்லாத்தான் இருந்திருக்கேன். அப்ப என்னைய அக்காள்மடத்துல பூட்டி வச்சிருக்கயில, எம் பேர்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

மாரிச்செல்வம் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அய்யா உட்கார நாற்காலியைத் தேடினார். அதில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். சொந்தக்காரர்கள் வழிமறித்தார்கள். "பெத்த புள்ளைடி!" என்றார்கள்.

"நானும் அவனப் பெத்தவதானே? தாழ்ப்பாப் போடயில ஒருத்தரும் அதச் சொல்லலையே."

அய்யாவும் மகனும் கைதாகி உள்ளே போனார்கள். ஜாமீனில் வந்த அய்யா, எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்லாமல் கடந்துபோவதைத் தாங்க மாட்டாமல் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார். அதைக் கேள்விப்பட்ட அன்று முருகலட்சுமி வயிறாரச் சாப்பிட்டாள்.

மகன் தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜாமீன் நிபந்தனை. முதல் நாள் அவள் எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தாள். பைக் இல்லாமல் நடந்தே வந்தான். இளைத்திருந்தான். வெளியே வந்தவன் அவளைக் கண்டதும் நின்றான்.

"அம்மா..."

இன்னொரு டீ சொல்ல அவள் கை பாதி எழுந்தது. மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள். அவன் தெரு முக்கில் மறையும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். பிறகு கண்மாய்க் கரையைப் பார்க்கப் பஸ் ஏறினாள்.